நொடிப்பு வழக்கறிஞர்

'''நொடிப்பு வழக்கறிஞர்''' என்பவர், கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத ஒருவர் தம்மை நொடித்தவராக அறிவிக்கும்படி நீதிமன்றத்தில் மனுச் செய்யும்போது அவருக்காக வாதாடும் வழக்கறிஞர் ஆவார். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இம்மனு ''ஐ.பி. கொடுத்தல்'' என்றும் ''மஞ்சள் கடிதாசி கொடுத்தல்'' என்றும் வழங்கப்படுகிறது. இந்தியாவில் இதற்கெனத் தனி வழக்கறிஞர் பிரிவு இல்லை. உரிமையியல் வழக்குகளை நடத்துவோரே இதனையும் நடத்துகின்றனர். திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள பட்டு நெசவு நகரமான ஆரணியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறை கீழே விளக்கப்படுகிறது.

== பொருந்தும் சட்டம் ==
சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய நகரங்களுக்கு 1909 ஆம் ஆண்டுச் சட்டமும், ஏனைய இடங்களுக்கு 1920 ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும் உரியவை. 2016 ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பில் தனிநபர் பற்றிய பகுதி, நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே ஆரணி நெசவாளர் ஒருவரின் சொந்தக் கடனுக்கு 1920 ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.

கடன் 500 ரூபாய்க்குக் குறையாதிருத்தல், அல்லது கடன் தீர்ப்பை நிறைவேற்றக் கைது செய்யப்பட்டோ சொத்து பற்றுகை செய்யப்பட்டோ இருத்தல் மனுவுக்குப் போதுமானது. மாவட்ட நீதிமன்றமும், மாநில அரசு அதிகாரமளித்த சார்பு நீதிமன்றங்களும் இதனை விசாரிக்கின்றன.

== வழக்கறிஞரைக் கண்டறிதல் ==
இந்திய வழக்கறிஞர் கழக விதிகளின்படி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வழக்குத் தேடலாகாது. ஆகவே நீதிமன்ற வளாகத்திலுள்ள வழக்கறிஞர் சங்கம், முன்னர் வழக்கு நடத்தியவர்கள் ஆகியோர் வழியாகவே பெரும்பாலும் வழக்கறிஞர் கண்டறியப்படுகிறார்.

கட்டணம் செலுத்த வசதியற்றோர் 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லை. பிறருக்கு அரசு விதித்த வரம்பு உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கிடைக்கும். நீதிமன்றக் கட்டணமும் இவ்வுதவியில் அடங்கும்.

== கட்டணம் ==
வழக்கறிஞர் கட்டணம் இருதரப்பு உடன்பாட்டால் அமைகிறது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுதல் வழக்கறிஞர் கழக விதிகளால் தடுக்கப்பட்டுள்ளது. கட்டணம் நிலுவையில் உள்ளது என்பதற்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை வழக்கறிஞர் நிறுத்தி வைக்க முடியாது என உச்ச நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

மனு, விசாரணை, விடுவிப்பு ஆகிய மூன்று கட்டங்களுக்கும் கட்டணம் பொருந்துமா என்பதை வக்காலத்தில் கையொப்பமிடுவதற்கு முன் தெளிவுபடுத்திக் கொள்வது இன்றியமையாதது. நொடித்தவர் என அறிவித்தவுடன் கடன் நீங்குவதில்லை. நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுவிப்பு கோரி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கத் தவறினால் அறிவிப்பே நீக்கப்பட்டு, கடன்காரர்கள் மீண்டும் வழக்குத் தொடர வழி ஏற்படும். முதற்கட்டத்துக்கு மட்டும் பணம் செலுத்தியவர் இவ்விடத்தில் துணையின்றி நிற்க நேரிடுவதுண்டு.

== நெசவாளர்க்குரிய கூறுகள் ==
* கைவினைஞரின் தொழிற்கருவிகள் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60 ஆம் பிரிவின்படி பற்றுகைக்கு உட்படா. நொடிப்பு வழக்கிலும் அவை பெறுநர் வசம் செல்வதில்லை.
* அடமானம் பெற்ற கடன்காரரின் உரிமை இவ்வழக்கால் பாதிக்கப்படாது.
* விடுவிப்பு பெற்றாலும், பிணை கையொப்பமிட்ட உறவினரின் பொறுப்பு நீங்காது.
* மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளில் உறவினருக்குத் தானமாக எழுதிய சொத்து மாற்றம் செல்லாததாக்கப்படலாம்.
* முதலாளியிடம் பெற்ற முன்பணத்தைக் காரணமாகக் காட்டி நெசவாளரை வேறிடத்தில் பணிபுரிய விடாமல் தடுத்தால், 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் பொருந்தக்கூடும். கொத்தடிமைக் கடன் எனில் அச்சட்டமே அதனை அழித்துவிடுகிறது. நொடிப்பு மனு தேவைப்படாது.
* மிகை வட்டி கேட்போர் மீது 2003 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மிகை வட்டி வசூல் தடைச் சட்டத்தின்படி காவல் துறையில் புகார் அளிக்கலாம்.

== இவற்றையும் பார்க்க ==
* ஆரணி
* கந்து வட்டி
* கொத்தடிமை முறை