பிரிவு ஒன்று, பார்வை இரண்டு

"சட்டம் ஒண்ணுதானே, எந்த ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னா என்ன?" என்று நம் சங்கத்து அன்பர்கள் கேட்பதுண்டு. தராசு பிடித்தே காலம் தள்ளியவன் நான். தராசு ஒன்றானாலும் பிடிக்கிற கையைப் பொறுத்து முள் ஆடும். ஆண்-பெண் சமத்துவத்தில் இது எப்படி என்பதற்கு, நாம் பிழைக்க வந்த இந்த மும்பையிலேயே பழைய சான்று இருக்கிறது.

ருக்மாபாய்க்கு 11 வயதில் கல்யாணம். வளர்ந்த பிறகு கணவர் தாதாஜியோடு வாழ மறுத்தார். 1884-இல் தாதாஜி உயர் நீதிமன்றம் போனார். மனைவியைச் சேர்த்து வைக்கக் கோரும் இந்த வழக்குமுறை நம் தர்மசாஸ்திரத்தில் கிடையாது. இங்கிலாந்தின் தேவாலயச் சட்டம் வழியாக வந்தது. அறியாப் பருவத்தில் கட்டி வைத்த பெண்ணை வலுக்கட்டாயமாக அனுப்புவது கொடுமை என்று 1885-இல் நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டில் அது ரத்தானது. 1887-இல் நீதிபதி ஃபாரன், கணவரிடம் போகாவிட்டால் 6 மாதம் சிறை என்றார். "சிறைக்கே போகிறேன்" என்ற நிலையில் நின்றார் ருக்மாபாய். 1888-இல் 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி விலகினார். அந்த அம்மையார் லண்டனில் மருத்துவம் படித்து, சூரத்தில் டாக்டராகப் பணியாற்றினார்.

சிறைத் தண்டனை 1923-இல் நீங்கியது. ஆனால் 1955-இன் இந்துத் திருமணச் சட்டம் 9-ஆம் பிரிவில் அதே வழக்குமுறையை வைத்துக்கொண்டது. சமணர்களாகிய எங்களுக்கும் இச்சட்டம்தான். கணவனோ மனைவியோ யாரும் கேட்கலாம் என்று எழுத்தில் சமமாகத்தான் இருக்கு.

1983 ஜூலையில் ஆந்திர உயர் நீதிமன்றத்தில் ஒரு திரைப்பட நடிகை மீதான வழக்கு. நீதிபதி பி.ஏ. சௌத்ரி எழுத்தைத் தாண்டி வாழ்க்கையைப் பார்த்தார். விருப்பமில்லாத உறவில் கருவைச் சுமக்கப்போவது பெண். நடைமுறையில் இந்தப் பிரிவு கணவன் கைக் கருவி. சமத்துவத்துக்கும் அந்தரங்க உரிமைக்கும் விரோதம் என்று பிரிவையே செல்லாததாக்கினார்.

அதே ஆண்டு நவம்பரில் டில்லி உயர் நீதிமன்ற நீதிபதி அவத் பிஹாரி ரோஹத்கி நேர்மாறாகச் சொன்னார். குடும்பத்துக்குள் அரசியலமைப்பைக் கொண்டுவருவது பீங்கான் கடைக்குள் காளையை விடுவது போல என்பது அவர் கருத்து. அரசியலமைப்பு ஒன்றே, பிரிவு ஒன்றே, இடைவெளி சில மாதம்தான்!

1984-இல் உச்ச நீதிமன்றம் சரோஜ் ராணி வழக்கில் டில்லி பக்கம் நின்றது. அந்த வழக்கில் சேர்ந்து வாழக் கேட்டவர் மனைவி. கணவர் சம்மதித்துத் தீர்ப்பு வாங்க வைத்து, ஓராண்டு கழித்து, "சேரவில்லை" என்று காட்டி விவாகரத்தும் பெற்றார். சேர்த்து வைக்க வந்த சட்டம் பிரிக்கிற வழியாயிற்று.

இங்கிலாந்து இந்த முறையை 1970-இலேயே கைவிட்டது. நம் நாட்டில் 9-ஆம் பிரிவு நிற்கிறது. ஊரை விட்டு வந்த இடத்தில் நம் பெண்களுக்கு இப்படி நோட்டீஸ் வந்தால் அக்கம்பக்கத்தில் கேட்க ஆளிருக்காது, அதனால் சொல்கிறேன். யாரும் கையைப் பிடித்து இழுத்துப் போக முடியாது. சொத்தைத்தான் ஜப்தி செய்யலாம். தக்க காரணத்தோடு போக மறுத்த மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸை மட்டும் பேசாமல் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். ஓராண்டுக் கணக்கு தீர்ப்பு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.