ஹம்பர் ஆற்றங்கரையில் ஹேசல்

1978இல் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியைப் பார்த்தவன் நான். குளிர்நாட்டில் அப்படியொன்று வராது என்று ரொறன்ரோவில் யாராவது சொன்னால் ரேமோர் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். இன்று புல்வெளி. 1954 வரை அங்கே வீடுகள் இருந்தன.

அந்த ஆண்டு அக்டோபரில் ஹேசல் சூறாவளி ஹெயிட்டியைச் சிதைத்துவிட்டு, 15ஆம் திகதி காலை கரோலினாக் கரையில் ஏறியது. சூறாவளிக்குத் தீனி வெதுவெதுப்பான கடல்நீர். தரைக்கு வந்தால் ஓய்ந்துவிட வேண்டும். ஹேசல் ஓயவில்லை. வழியில் குளிர்காற்று முகப்பு ஒன்றுடன் கலந்து, வெப்பக் காற்றும் குளிர்காற்றும் மோதும் விசையைப் புதுத்தீனியாக்கிக்கொண்டது. வானிலையாளர் கணக்கில் அது அப்போது வெப்பமண்டலச் சூறாவளியே அல்ல. செத்தவர்களுக்கு அந்த வகைப்பாட்டால் என்ன பயன்?

அன்றிரவு ரொறன்ரோவில் கொட்டியது. ஏற்கனவே பெய்த மழையில் ஊறிய மண் ஒரு சொட்டும் உறிஞ்சவில்லை; தண்ணீர் முழுக்க ஆறுகளில் இறங்கியது. ஹம்பர் ஆற்றின் நடைபாலம் பெயர்ந்து, வெள்ளம் ரேமோர் வீதிக்குள் திரும்பியது. உறக்கத்திலிருந்த வீடுகள் ஆட்களோடு அடித்துச் செல்லப்பட்டன. அந்த ஒரு வீதியில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்டோர். கனடாவில் மொத்தம் 81 பேர். காப்பாற்றப் போன தன்னார்வத் தீயணைப்பாளர் ஐவரும் அதில் அடக்கம்.

பிறகு அரசு பள்ளத்தாக்கு நிலங்களை வாங்கிப் பூங்காக்களாக்கியது. ரொறன்ரோப் பகுதியில் வெள்ள எல்லை குறிக்க இன்றும் ஹேசல் மழையே அளவுகோல்.