மதுச்சாலை மேடையும் மக்கட் பிரதிநிதித்துவமும்: சிக்காகோத் தோலாடையினரின் பட்டப் போட்டி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சமூக வரலாற்றை எழுதுவோர் நெடுங்காலமாக அரசாங்க ஏடுகள், நீதிமன்றத் தீர்ப்புகள், பொலிஸ் அறிக்கைகள் ஆகியவற்றையே தமது முதன்மை ஆதாரங்களாகக் கொண்டு வந்துள்ளனர். இவ்வாவணங்களிற் சில மக்கட் பிரிவினர் குற்றவாளிகளாக மட்டுமே இடம்பெறுகின்றனர். அவர்கள் எங்கே கூடினர், எதனைப் போற்றினர், தமக்குள் யாரை மதித்தனர் என்னும் வினாக்களுக்கு அவற்றில் விடை கிடைப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் தற்பாலீர்ப்புடைய ஆடவர் அத்தகைய பிரிவினராவர். அவர்களுள்ளும் 'தோலாடையினர்' எனப்பட்டோர் இருமுறை ஒதுக்கப்பட்டனர். வெளியுலகம் அவர்களை வெறுத்தது. சமுதாயத்தின் நன்மதிப்பைப் பெற விழைந்த ஏனைய தற்பாலீர்ப்பாளரும் அவர்களால் தமக்கு இழுக்கு நேருமென அஞ்சினர்.

சிக்காகோ நகரத்துத் தோலாடையினர் உருவாக்கிய பட்டப் போட்டியொன்றின் வரலாற்றை இக்கட்டுரையில் நாம் ஆராய்கின்றோம். மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இஃது அழகுப் போட்டிகளுள் மற்றுமொன்றாகவே தோன்றும். ஆயின், மதுச்சாலைக்கு வாடிக்கையாளரைச் சேர்த்த களியாட்டம் ஒன்று, ஒரு சமூகத்தின் சார்பிற் பேசும் பொறுப்புடைய பதவியாக மாறியமை எங்ஙனம் என்பதே நாம் விடைகாண முயலும் வினாவாகும்.

தோலாடை வழக்கின் பின்னணி

இரண்டாம் உலகப் போர் முடிவுற்றதும் படைச்சேவையினின்று விடுபட்ட இளைஞர் பலர் தம் சிற்றூர்களுக்குத் திரும்பாது பெருநகரங்களிலே தங்கினர். ஆடவர் மட்டுமே கூடி வாழ்ந்த படைமுகாமின் தோழமை அவர்களது நினைவில் நிலைத்திருந்தது. திருமணம், புறநகர் வீடு, அலுவலகப் பணி என்னும் வாழ்க்கை முறையே இலட்சியமாகப் போதிக்கப்பட்ட அக்காலத்தில், மோட்டார்ச் சைக்கிள் கழகங்கள் அதற்குப் புறம்பான ஒரு வாழ்வை அவர்களுக்கு அளித்தன. 1954 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தோன்றிய 'சற்றேர்ஸ்' கழகம், தற்பாலீர்ப்புடையோர் அமைத்த இத்தகைய கழகங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாகும். 1953 இல் மார்லன் பிராண்டோ நடித்து வெளிவந்த 'த வைல்ட் வன்' என்னும் திரைப்படம் கருந்தோற் சட்டையைக் கலகக்காரனின் சின்னமாக ஏற்கெனவே பிரபலப்படுத்தியிருந்தது.

தற்பாலீர்ப்புடைய ஆடவன் பெண்மைச் சாயலுடையவன், வலுவற்றவன் என்னும் கருத்தே அன்றைய மேடைகளிலும் சஞ்சிகைகளிலும் நிலவியது. தோலாடை அக்கருத்துக்கு விடுக்கப்பட்ட மறுப்பாகும். அத்துடன், இருவரும் மனமொப்பி ஆதிக்கத்தையும் பணிவையும் ஏற்று நடத்தும் பாலியல் வழக்கங்களின் குறியாகவும் அது விளங்கியது. இங்கு முரண்பாடொன்று அடங்கியிருப்பதை நாம் கவனித்தல் வேண்டும். இவர்களைத் துரத்திய பொலிஸாரின் தொப்பியும், இவர்களை வெளியேற்றிய படையினரின் பாதணியுமே இவர்களது அலங்காரமாயின. ஒடுக்குவோனின் சின்னத்தை ஒடுக்கப்படுவோன் அணிவது எதிர்ப்பா, இணக்கமா என்னும் விவாதம் அச்சமூகத்தினுள்ளேயே நெடுங்காலம் நிகழ்ந்து வந்துள்ளது.

சட்டமும் தெருவும்

தனியிடத்தில் வயதுவந்தோரிடையே மனமொப்பி நிகழும் தற்பால் உறவைக் குற்றமாகக் கருதும் விதியை முதன்முதலாக நீக்கிய அமெரிக்க மாநிலம் இலினோய் ஆகும். 1961 இல் நிறைவேறிய இச்சட்டம் 1962 இல் நடைமுறைக்கு வந்தது. ஆயின் ஏட்டிலே மாறிய சட்டம் தெருவிலே மாறிற்றில்லை. 1964 ஏப்பிரலில் சிக்காகோவை அடுத்த 'ஃபன் லவுஞ்' என்னும் மதுச்சாலை முற்றுகையிடப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாகினர். கைதானோரின் பெயர்களை நாளேடுகள் வெளியிட்டன. அவர்களுள் ஆசிரியர்களும் இருந்தனர். பலர் தொழிலை இழந்தனர். இந்நிகழ்ச்சியின் எதிர்விளைவாகவே 1965 இல் 'மட்டஷீன் மிட்வெஸ்ட்' என்னும் உரிமைச் சங்கம் உருவாகியது. மதுச்சாலை உரிமையாளர் பொலிஸாருக்கு மாதந்தோறும் பணங்கொடுத்தே தம் கதவுகளைத் திறந்து வைக்கவேண்டியிருந்தது. இவ்வாறு பணம் பறித்தமைக்காக நகரின் வடபகுதிப் பொலிஸ் அதிகாரிகள் பலர் 1973 இல் கூட்டாட்சி நீதிமன்றத்தினாற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்.

இச்சூழலில் மதுச்சாலை என்பது குடிப்பதற்குரிய இடம் மாத்திரமன்று. கோவில், கழகம், சங்கம் எதிலும் இடம்பெறாத மக்களுக்கு அதுவே பொதுமன்றமாயிற்று. சிக்காகோவில் 1950களின் இறுதியில் தோன்றிய 'கோல்ட் கோஸ்ட்' அந்நாட்டின் முதலாவது தோலாடை மதுச்சாலைகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. அதனை நடத்திய சக் றென்ஸ்லோ (1929–2017) ஒரு புகைப்படக் கலைஞர். அவருடைய வாழ்க்கைத் துணைவரான டொம் ஒறெஜூடோஸ் (1933–1991) பலே நடனக் கலைஞர். 'எற்றியென்' என்னும் புனைபெயரில் ஓவியமும் தீட்டியவர். இருவரும் கூடி நடத்திய 'கிறிஸ் ஸ்ரூடியோ' ஆடவரின் உடற்கட்டுப் படங்களை வெளியிட்டு வந்தது. இவ்வகைச் சஞ்சிகைகளைத் தபாலில் அனுப்புவதைத் தடைசெய்தல் ஆகாது என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1962 இல் தீர்ப்பளித்தது. தோலாடையினரை இகழ்ச்சிக்குரியோராயன்றிக் கம்பீரமுடையோராய்க் காட்டிய எற்றியெனின் சுவரோவியங்கள் கோல்ட் கோஸ்ட் மதுச்சாலையை அணிசெய்தன. தம்மைத் தாமே மதிக்கும் ஒரு காட்சிமொழி இவ்வாறு உருவாகியிருந்தமையாலேயே பின்னர் போட்டி மேடையொன்று சாத்தியமாயிற்று எனக் கருதுகின்றோம்.

'மிஸ்டர் கோல்ட் கோஸ்ட்' முதல் அனைத்துலகப் போட்டி வரை

1972 இல் 'மிஸ்டர் கோல்ட் கோஸ்ட்' என்னும் போட்டி அம்மதுச்சாலையில் ஆரம்பமாகியது. வாடிக்கையாளரே போட்டியாளர், வாடிக்கையாளரே பார்வையாளர். ஆண்டுதோறும் கூட்டம் பெருகி மதுச்சாலைக்குள் அடங்காத நிலை ஏற்பட்டது. எனவே 1979 மே மாதத்தில் றடிஸன் ஹோட்டலில் 'இன்டர்நஷனல் மிஸ்டர் லெதர்', அதாவது 'அனைத்துலகத் தோலாடை நாயகர்' என்னும் போட்டி நடத்தப்பட்டது. பன்னிருவர் போட்டியிட்டனர், ஏறத்தாழ 400 பேர் பார்வையிட்டனர். சன் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த டேவிட் குளோஸ் முதற் பட்டத்தைப் பெற்றார்.

இந்த இடமாற்றத்தின் பொருளை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பதினைந்தாண்டுகளுக்கு முன்னர் மதுச்சாலையிற் காணப்பட்டமைக்காகவே தொழில் இழந்த மக்கள், இப்பொழுது நகரின் பெரிய ஹோட்டலில் ஒளிவிளக்கின் கீழ் தம் பெயரையும் ஊரையும் கூறி நின்றனர். மேலும், போட்டியாளர் தத்தம் ஊரின் மதுச்சாலை, கழகம் அல்லது உள்ளூர்ப் போட்டியின் சார்பாக வந்தமையால், ஒன்றையொன்று அறியாதிருந்த சிறு குழுக்கள் ஆண்டுக்கொருமுறை சந்திக்கும் நிலை உருவாகியது.

போட்டியின் அமைப்பும் ஈண்டு நோக்கத்தக்கது. தோலாடையிலும் குறைந்த ஆடையிலும் மேடையில் தோன்றுதல் அதன் ஒரு பகுதி. நடுவர் குழுவின் நேர்காணலுக்கு விடையளித்தலும், அவையின் முன் சிற்றுரை நிகழ்த்தலும் அதன் மறுபகுதி. உடலழகு மட்டும் போதுமாயின் நேர்காணல் வேண்டியதில்லை. பட்டம் பெற்றவர் ஓராண்டுக்காலம் பல நகரங்களுக்குச் சென்று பேச வேண்டியவர் என்னும் எதிர்பார்ப்பு வளர வளர, சொல்லுக்குரிய மதிப்பும் உயர்ந்தது.

நோயின் காலமும் பட்டத்தின் பொருளும்

1981 யூன் மாதத்தில் பின்னர் எயிட்ஸ் எனப் பெயர்பெற்ற நோய் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை வெளியாயிற்று. அடுத்த பத்தாண்டுகளில் இந்நோய் தோலாடைச் சமூகத்தின் ஒரு தலைமுறையையே பெருமளவிற் கொண்டு சென்றது. அரசாங்கம் வாளாவிருந்த காலத்தில் நோயாளருக்கு நிதி திரட்டுவதும், பாதுகாப்பான பாலுறவு பற்றி எடுத்துரைப்பதும் அச்சமூகத்தின் கடமையாயின. அதற்கென ஊர்தோறும் செல்லத்தக்க, மக்களால் அறியப்பட்ட, வெட்கமின்றி உடலைப் பற்றிப் பேசவல்ல ஒருவர் தேவைப்பட்டார். பட்டம் பெற்றவர் அத்தேவைக்குப் பொருத்தமானவராக ஏற்கெனவே நின்றார். அலங்காரப் பட்டம் பொதுப்பணியாக மாறிய திருப்பம் இதுவேயாகும்.

1989 ஆம் ஆண்டின் போட்டி இம்மாற்றத்துக்குத் தக்க சான்றாகும். அவ்வாண்டு பட்டம் பெற்ற கை பால்ட்வின் ஓர் உளச்சிகிச்சையாளர். தோலாடையினரின் பாலியல் வழக்கங்களை உளநோயாக வகைப்படுத்திய மருத்துவக் கொள்கையை மாற்றுவிக்கும் முயற்சியில் அவர் முன்னின்றார். அதே போட்டியில், மே 28 ஆம் நாள், ரொனி டிபிளேஸ் தாம் வரைந்த தோலாடைக் கொடியை அவைக்கு அறிமுகஞ் செய்தார். கருமை, நீலம், வெண்மை ஆகிய பட்டைகளும் ஒரு செந்நிற இதயமும் கொண்ட அக்கொடி பின்னர் பல நாடுகளிற் பரவியது. கொடியும் பேச்சாளரும் உடைய கூட்டம் இனி வெறும் வாடிக்கையாளர் கூட்டமன்று.

உள்முரண்பாடுகள்

எனினும் இவ்வரலாற்றை ஒரே சீரான முன்னேற்றமாக வருணித்தல் பொருந்தாது. முதலாவதாக, இப்போட்டி மக்களின் சங்கமொன்றினால் நடத்தப்பட்டதன்று. வணிகரொருவரின் முயற்சியாகப் பிறந்து அவ்வாறே வளர்ந்தது. போட்டியோடு இணைந்த தோற்பொருட் சந்தை அதன் பொருளாதார அடிப்படைகளுள் ஒன்று. சமூகத்தின் நலனும் சந்தையின் நலனும் மோதிய சந்தர்ப்பங்களும் உள. பாதுகாப்பற்ற பாலுறவை ஊக்குவிக்கும் பொருள்களை விற்போர்க்குச் சந்தையில் இடமில்லை என 2009 இல் அமைப்பாளர் அறிவித்தமையும், அதனை எதிர்த்து எழுந்த கண்டனங்களும் அத்தகையன. இங்கு வணிகர் தம் இலாபத்தை ஒரளவு துறந்தாரெனினும், முடிவு செய்தவர் அவரே; மக்கள் அல்லர்.

இரண்டாவதாக, யாருடைய உடல் இச்சமூகத்தின் உருவம் என்னும் வினா எழுந்தது. தொடக்கத்தில் வெள்ளையின ஆடவரின் உடற்கட்டே அளவுகோலாக விளங்கியது. 1984 இலேயே கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முறையாகப் பட்டம் பெற்றார். பெண்கள் தமக்கெனத் தனிப் போட்டியொன்றை 1987 இல் சன் பிரான்சிஸ்கோவில் தொடங்கினர். 2010 இல் சக்கர நாற்காலியிற் செல்பவரும் பெண்ணாகப் பிறப்பிற் பதியப்பட்டு ஆணாக வாழ்பவருமான ரைலர் மக்கோர்மிக் வெற்றிபெற்றார். ஆண்மை உடலிற் பிறப்பது என்னும் கருத்தின்மேல் எழுப்பப்பட்ட ஒரு போட்டி, அக்கருத்தையே மறுத்த ஒருவரைத் தன் பிரதிநிதியாக ஏற்றமை வரலாற்று முக்கியத்துவம் உடையது.

மூன்றாவதாக, 1993 இல் சப்பாத்து மெருகிடுவோர்க்கான போட்டியொன்றும் அதனுடன் சேர்க்கப்பட்டது. மேடையில் நிற்போரின் காலடியில் அமர்ந்து உழைப்போரும் பட்டத்துக்குரியோராயினர். நாயகரை நடுவர் தெரிவு செய்ய, மெருகிடுவோரைக் கூட்டத்தினர் தம் வாக்கினாலே தெரிவு செய்வது சிந்தனைக்குரியது. உழைப்பின் தரத்தை அதனைப் பயன்பெற்றோரே அறிவர் என்பது இதன் உட்பொருளெனலாம்.

நினைவைக் காத்தல்

எயிட்ஸ் நோயால் இறந்தோரின் உடைமைகள் பெரும்பாலும் அவர்களது குடும்பத்தினரின் கையில் அகப்பட்டன. வெட்கத்துக்குரியனவாக அவர்கள் கருதிய கடிதங்கள், புகைப்படங்கள், தோலாடைகள் பலவும் எறியப்பட்டன. ஒறெஜூடோஸ் மறைந்த 1991 ஆம் ஆண்டிலேயே றென்ஸ்லோவும் டிபிளேஸும் தோலாடை ஆவணக் காப்பகத்தையும் அருங்காட்சியகத்தையும் நிறுவினர். டிபிளேஸ் பாலூட்டிகள் பற்றிய பாடநூலொன்றின் ஆசிரியர்களுள் ஒருவரான விலங்கியலாளர் ஆவார். மாதிரிகளைச் சேகரித்து வகைப்படுத்தும் பயிற்சி மனித வரலாற்றுக்கும் பயன்பட்டது. சிக்காகோவின் றோஜர்ஸ் பார்க் பகுதியிலுள்ள அக்காப்பகத்தில் கோல்ட் கோஸ்ட் மதுச்சாலையின் சுவரோவியங்கள் பாதுகாக்கப்படுகின்றன. மதுச்சாலை 1988 இல் மூடப்பட்டபோதிலும் அதன் சுவர்கள் எஞ்சின.

தொகுத்து நோக்குமிடத்து, அரசும் சமயமும் குடும்பமும் கைவிட்ட மக்கள் தமக்குக் கிடைத்த அற்பமான நிறுவனத்தையும் தம் தேவைக்கேற்ப மாற்றியமைப்பர் என்பது இவ்வரலாற்றால் தெளிவாகின்றது. பட்டத்தின் பொருளை அதனை வழங்கியோர் மட்டும் நிர்ணயிக்கவில்லை. அதன் மேல் மக்கள் சுமத்திய பொறுப்புகளே அதனை நிர்ணயித்தன. கோவிட் நோய் காரணமாக 2020 இலும் 2021 இலும் நடைபெறாத போட்டி, 2022 இல் மீண்டும் கூடியபோது பெல்ஜியத்திலிருந்து வந்த ஒருவர் பட்டம் பெற்றார். சந்தையும் மேடையும் இன்றும் அருகருகே உள்ளன. அவற்றுள் எது எதனை ஆளுவது என்னும் வினா 1972 இல் எழாதது. இன்று அச்சமூகத்தினரே அதனை எழுப்புகின்றனர். தன்னைப் பற்றித் தானே வினவத் தொடங்கும் மக்கட் கூட்டத்தை வரலாறு இனிப் பொலிஸ் அறிக்கையில் மட்டும் தேடுதல் தகாது.