தட்டுருப் பளிங்கும் திரையின் ஒளியும்

1888ஆம் ஆண்டில் பிராக் நகரத்துத் தாவரவியலறிஞர் இரைனிட்சர் என்பார், ஒரு பொருள் இருமுறை உருகக் கண்டு வியந்தார். அது 145 பாகை சதமளவில் கலங்கிய திரவமாகி, 178 பாகையிலேயே தெளிந்தது. அவ்விடைநிலையே பின்னர்த் திரவப் பளிங்கு எனப்பட்டது. நீண்ட கோலுரு மூலக்கூறுகளே இந்நிலையை எய்தும் என்பது பல்லாண்டு நிலவிய கொள்கையாகும்.

அக்கொள்கை பெங்களூர் இராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் தகர்ந்தது. சர் சி. வி. இராமனின் மருகர் எஸ். சந்திரசேகரும் (விண்மீனாராய்ந்த சந்திரசேகர் வேறொருவர், மயங்குதல் எளிது) சதாசிவா, சுரேஷ் என்போரும், பென்சீன் வளையத்தில் ஆறு நெடுஞ்சங்கிலிகள் பூட்டிய தட்டுரு மூலக்கூறுகள், காசுகளை அடுக்கியதுபோல் நிரல்பட்டுத் திரவப் பளிங்காதலை 1977இல் 'பிரமாணா' என்னும் இந்திய ஏட்டில் வெளியிட்டனர். இதனால் யாது பயன் என அன்று எவரேனும் வினவியிருப்பின், விடை கூறல் அரிதாயிருந்திருக்கும்.

பயனோ வேறொரு குறையிலிருந்து பிறந்தது. 1971இல் பாசல் நகரில் சாட், எல்பிரிச்சு என்போர் அறிவித்த முறுக்குத் திரையிலே, குறுக்காக நிறுத்திய இரு முனைவாக்கிகளுக்கிடையே கோலுரு மூலக்கூறுகள் 90 பாகை முறுகி நின்று ஒளியைத் திருப்பி வெளிவிடும். மின்னழுத்தம் ஊட்டின் அவை நிமிர்ந்து, திரை இருளும். ஆயின் கண்ணாடியை ஒட்டிய மூலக்கூறுகள் முற்றும் நிமிர்வதில்லை. நிமிர்ந்தனவும் சாய்ந்து நோக்குவார்க்கு இரட்டைமுறிவு காட்டும். எனவே நேரே கரியதாய்த் தோன்றுவது பக்கத்திலிருந்து வெளிறும். சிலபோது ஒளியும் நிழலும் தலைமாறும்.

கோலின் இரட்டைமுறிவு நேர்க்குறியுடையது, தட்டினதோ எதிர்க்குறியுடையது. ஆகவே ஒன்றன் பிழையை மற்றொன்று கழிக்கவல்லது. 1990களில் யப்பானிய பியூசி நிறுவனத்தார் திரிபெனிலீன் தட்டுக்களை மென்படலத்திற் பூசி, அவற்றின் சாய்வு படிப்படியாக மாறுமாறு இறுகச் செய்து, திரையின் இருபுறமும் ஒட்டினர். உள்ளே சாய்ந்து நின்ற கோல்களுக்கு அது நிழற்படிவம்போல் ஈடாயிற்று. திரையும் பலர் சூழ்ந்து காணத்தக்கதாயிற்று. கண்டுபிடிப்புப் பெங்களூரினது, ஊதியம் யப்பானினது. இதற்காகப் பெங்களூராரைக் குறைகூறல் பொருந்தாது. அவர்கள் தேடியது பொருளின் இயல்பையே.

இராமனின் மற்றொரு மருகரான பஞ்சரத்தினமும் ஈண்டு நினைக்கத்தக்கார். தனியொரு இரட்டைமுறிவுத் தகடு ஒரு நிறத்திற்கே செவ்வனே பொருந்தும். பல தகடுகளை உரிய கோணங்களில் அடுக்கின் பல நிறங்களுக்கும் பொருந்தும் என 1955இல், தமது 21ஆம் வயதில், அவர் காட்டினார். இன்றைய திரைகளில் வெளியொளியின் தெறிப்பை அடக்கும் படலங்களும் இந்நெறியே பற்றி நிற்பன. அவர் 1969இல் ஒட்சுபோட்டில் 35ஆம் வயதில் மறைந்தார். முறுக்குத் திரை வெளிவர அப்பொழுது இன்னும் ஈராண்டு இருந்தது.