மாக்ஸியின் சாக்லேட்

மாக்ஸி என்ற சிறுவன் சாக்லேட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா கேக்குக்காகக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியைப் பச்சை அலமாரியில் வைக்கிறாள். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான்? ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வயதுக் குழந்தைகள் பச்சை அலமாரியையே காட்டினார்கள். தாம் அறிந்ததை மாக்ஸியும் அறிவான் என்பது அவர்கள் கணக்கு.

இக்கேள்வியின் பூர்வீகம் ஒரு சிம்பன்ஸி. பிறருக்கும் மனம் உண்டென்பது அதற்குத் தெரியுமா என்று 1978-இல் டேவிட் பிரிமாக்கும் கை வுட்ரஃபும் கேட்டார்கள். டேனியல் டென்னட் போன்ற தத்துவவாதிகள் அதற்கு ஒரு திருத்தம் சொன்னார்கள்: பிறர் தவறாக நம்புவதைக் கணிக்க முடிந்தால்தான் அது மனமறிதல். விலங்குக்காகச் சொன்ன திருத்தம் குழந்தைக்கு அளவுகோலாயிற்று.

நாம் சற்றுத் தயங்க வேண்டிய இடம் இது. வாழைப்பழத்தைக் காதில் வைத்து அம்மா 'ஹலோ' என்றால் இரண்டு வயதுக் குழந்தை குழம்புவதில்லை; சிரிக்கிறது, தானும் பேசுகிறது. இல்லாததை இருப்பதாகக் கொள்ளும் இந்தப் பாவனைக்கும் பிறர் மனமறிதலுக்கும் வேர் ஒன்றே என்று 1987-இல் ஆலன் லெஸ்லி வாதிட்டார். அப்படியானால் மாக்ஸியிடம் மட்டும் குழந்தை ஏன் தோற்க வேண்டும்? 1991-இல் மைக்கேல் சீகலும் கேரன் பீட்டியும் இதையொத்த கதையில் கேள்வியை மட்டும் மாற்றினார்கள்: 'முதலில் எங்கே தேடுவான்?' மூன்று வயதினர் பலர் சரியாகச் சொன்னார்கள். 'முதலில்' என்ற ஒற்றைச் சொல்! சர்ச்சை அத்தோடு தீர்ந்துவிடவில்லை. ஆயினும் பெரியவர்களின் கேள்வியைக் குழந்தை வேறுவிதமாகக் கேட்டிருக்கலாம் என்ற ஐயம் நிலைபெற்றது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு அந்த ஐயத்தின் சலுகை எளிதில் கிட்டவில்லை. 1985-இல் சைமன் பேரன்-கோஹன், லெஸ்லி, உதா ஃப்ரித் ஆகியோர் சாலி, ஆன் என்ற இரு பொம்மைகளை வைத்து அதே கதையை நடத்தியபோது, அத்தகைய 20 குழந்தைகளில் 16 பேர் தவறினர். டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பேரில் 12 பேர் தேறினர். அக்கட்டுரை தேறிய நால்வரையும் மறைக்கவில்லை. ஆனால் பின்னர் பரவியது 'மனக்குருடு' என்ற முத்திரையே; 1995-இல் பேரன்-கோஹனின் நூலுக்கே அது தலைப்பாயிற்று. எத்தனை பெற்றோர் அதை நம்பித் தம் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பார்கள்!

2012-இல் டேமியன் மில்டன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். புரியாமை இருபுறமும் உள்ளது, மற்றவர்களும் ஆட்டிசம் உள்ளவர் மனத்தை அறியத் தவறுகிறார்கள் என்றார். மில்டனும் ஆட்டிசம் உள்ளவரே.