உறுதி ஒருவரிடம், திறப்பு இன்னொருவரிடம்: தீவக வாடகை வீடுகளில் அனுமதியின்றி நுழைதல்

நெடுந்தீவுப் பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ இடமாற்றம் பெற்று வருபவர் முதலில் தேடுவது தங்க ஒரு வீடு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. நாளாந்தம் போய்வருவது பலருக்கு இயலாது. வீட்டின் சொந்தக்காரர் பெரும்பாலும் கனடாவிலோ பிரான்சிலோ இருப்பார். வாடகை பேசிக் கொடுப்பவர் அயலிலுள்ள அவருடைய உறவினர். இன்னொரு திறப்பும் அவரிடமே இருக்கும். குடியிருப்பவர் வார இறுதியில் யாழ்ப்பாணம் போன நேரத்தில் அந்தத் திறப்பால் கதவு திறக்கப்படுகிறது. கூரை பார்க்க, சாமான் எடுக்க, ஊருக்கு வந்தவர்களுக்கு வீட்டைக் காட்ட என்று காரணங்கள் உண்டு. கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "எங்கட வீடுதானே."

ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நிலைமை பெரிதும் வேறல்ல. இந்தப் பதிலுக்கு இலங்கைச் சட்டத்தில் இடமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆனால் குடியிருப்பவருக்கான பாதுகாப்பு, பலரும் தேடுகிற வாடகைச் சட்டத்தில் இல்லை. அது ஆட்சி பற்றிய சட்டத்தில், அதாவது யார் உண்மையில் இடத்தை வைத்திருக்கிறார் என்ற கேள்வியில் இருக்கிறது.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் மாநகரசபை, நகரசபை, பட்டினசபை எல்லைகளை முன்வைத்து இயற்றப்பட்டது. கிராமப் பகுதிகளுக்கு அதை நீட்ட அமைச்சரின் கட்டளை வேண்டும். நெடுந்தீவும் நயினாதீவும் கிராமசபைகளாக இருந்து பிரதேசசபை ஆட்சிக்குள் வந்தவை. அத்துடன் 1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தம், அவ்வாண்டின் தொடக்கத்துக்குப் பின் கட்டி வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகளை அச்சட்டத்திலிருந்து விலக்கியது. போருக்குப் பின் புதிதாக எழுந்த தீவக வீடுகளுக்கு அதனால் பயனில்லை. அச்சட்டத்தின் நோக்கமும் வாடகைத் தொகையையும் வெளியேற்றத்தையும் கட்டுப்படுத்துவதுதான். குடியிருக்கும் காலத்தில் வீட்டுக்காரர் எப்போது உள்ளே வரலாம் என்பதை ஒழுங்குபடுத்துவது அன்று.

எனவே உரோம டச்சுப் பொதுச் சட்டத்துக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. அதன்படி வீட்டை வாடகைக்குக் கொடுத்தவர், குடியிருப்பவர் அதை இடையூறின்றி அனுபவிக்க விடக் கடமைப்பட்டவர். வாடகை வாங்கிக்கொண்டு அனுபவத்தைக் குலைப்பவர் தன் ஒப்பந்தத்தைத் தானே மீறுகிறார். வீடு கைமாறினாலும் வாடகை உடன்பாடு வாங்கியவரையும் கட்டும். தீவகக் காணிகள் வெளிநாட்டில் பேசி விற்கப்படும் இக்காலத்தில் புதிய சொந்தக்காரர் இதை அறிந்திருத்தல் அவசியம். எனினும் ஒப்பந்த மீறலுக்கான வழக்கு நட்டஈட்டு வழக்கு, நீண்டகாலம் இழுபடும். இடமாற்றத்தில் வந்த ஓர் ஆசிரியை அதற்குக் காத்திருக்க முடியாது.

அவர் முதலில் போவது பொலிசுக்கு. "இது சிவில் பிரச்சினை" என்ற பதிலோடு திரும்புகிறார். அந்தப் பதில் பாதி உண்மை. தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு குற்றமுறையான அத்துமீறலை வரையறுக்கும்போது, இன்னொருவர் குடியிருக்கும் ஆதனத்துள் நுழைவதைப் பற்றியே பேசுகிறது. சொத்து யாருடையது என்று அது கேட்கவில்லை. ஆகவே சொந்தக்காரரும் தன் வீட்டிலேயே அத்துமீறியவராகலாம். ஆனால் நுழைந்தவரிடம் குற்றம் புரியும், அல்லது குடியிருப்பவரை அச்சுறுத்தும், அவமதிக்கும், தொந்தரவு செய்யும் எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

அந்த எண்ணம் எவ்வளவு திடமாக நிறுவப்பட வேண்டும் என்பதை, 1950இல் பிரிவிக் கவுன்சில் தீர்த்த செல்வநாயகம் வழக்கு காட்டுகிறது. வேலை நீக்கப்பட்ட தோட்டத் தொழிலாளி ஒருவர் தன் லயன் அறையை விட்டுப் போகாததால் இதே பிரிவின் கீழ் குற்றவாளியாக்கப்பட்டார். தோட்டத்துக்குத் தொந்தரவு என்று அவர் அறிந்திருக்கலாம். ஆனால் அவரது முதன்மை நோக்கம் தன் இருப்பிடத்தில் இருப்பதுதான் என்று சொல்லிப் பிரிவிக் கவுன்சில் தீர்ப்பை நீக்கியது. ஒரு தமிழ்த் தொழிலாளியின் கூரையைக் காத்த அந்தத் தீர்ப்பு இன்று குடியிருப்பவருக்கு இரு பக்கமும் வேலை செய்கிறது. வாடகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பது ஒரு பக்கம். "கூரை பார்க்க வந்தேன்" என்று சொல்லும் வீட்டுக்காரரை ஒரே ஒரு தடவை நுழைந்ததற்காகத் தண்டிப்பதும் கடினம் என்பது மறுபக்கம். வரவேண்டாம் என்று எழுத்தில் சொன்ன பிறகும் வருவது, இரவில் வருவது, சாமான்களை வெளியே போடுவது ஆகியவற்றில் எண்ணத்தை ஊகிக்க இடமுண்டு.

பொலிஸ் சொல்லாமல் விடும் மற்றப் பாதிதான் முக்கியமானது. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, காணி பற்றிய பிணக்கால் அமைதி குலையக்கூடும் என்றால் பொலிஸ் நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். பொலிஸ் செய்யாவிட்டால், பாதிக்கப்பட்டவரே சத்தியக்கடதாசியோடு நேரே போகலாம். ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில் இதற்கான கதவு திறந்திருக்கிறது. உறுதியை ஆராய்வது அந்த நீதிமன்றத்தின் வேலையன்று. இராமலிங்கம் எதிர் தங்கராசா வழக்கில் (1982) நீதியரசர் சர்வானந்தா இதைத் தெளிவாக்கினார்: தகவல் தாக்கல் செய்த நாளில் உண்மையில் யார் ஆட்சியில் இருந்தார் என்பதே கேள்வி. அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் அவரையே திரும்ப இருத்த வேண்டும். தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளை வரும்வரை அவரது ஆட்சியைக் குலைக்கக் கூடாது என்றும் நீதவான் தடைவிதிக்கலாம்.

வார இறுதியில் பூட்டிக் கிடந்த வீடு யாருடைய ஆட்சியில் இருந்தது? பூட்டிவிட்டுப் போனவர், திரும்பி வந்து ஆளும் வல்லமையும் எண்ணமும் உள்ளவராயின் அவரே ஆட்சியில் இருக்கிறார் என்பது இக்பால் எதிர் மஜெதுதீன் (1999) வழக்கில் ஏற்கப்பட்ட கருத்து. படகுக்காகக் காத்திருக்கும் தீவகக் குடியிருப்பாளருக்கு இதைவிடப் பயனுள்ள தீர்ப்பு வேறில்லை என்று நினைக்கிறேன்.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருந்தும் வீட்டுக்காரர் ஏன் நுழைகிறார்? பேராசை என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமாகாது. 1990 ஆகஸ்டில் இராணுவ நடவடிக்கை தொடங்கியதும் தீவக மக்கள் வீடுகளை அப்படியே விட்டு ஓடினார்கள். திரும்பி வந்தவர்கள் சிலர் தங்கள் வீட்டில் வேறு குடும்பத்தைக் கண்டார்கள்; சிலர் சுவரை மட்டும் கண்டார்கள்; சிலருக்குப் போகவே விடவில்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பத்து ஆண்டு எதிரிடையாக ஆண்டவர் உரித்துக் கோரலாம் என்ற செய்தி அந்தத் தலைமுறையின் மனதில் ஆழப் பதிந்தது. அந்தப் பயத்தில் நியாயம் இருந்ததாலேயே, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையான போர்க்காலத்தைப் பத்தாண்டுக் கணக்கில் சேர்க்காமல் விட வழி செய்தது. வெளிநாட்டில் இருப்பவர் ஆளை அனுப்பி வீட்டைத் திறந்து பார்ப்பதன் உட்கிடை இதுதான்: உரிமை கைவிட்டுப் போகவில்லை என்று ஊருக்குக் காட்டுவது.

ஆனால் இந்தப் பயத்துக்கு மருந்து நுழைவது அன்று. அதே கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வாடகை கொடுப்பதை மற்றவரின் உரிமையை ஒப்புக்கொள்ளும் செயலாகவே கொள்கிறது. வாடகை கொடுத்து இருப்பவருக்குப் பத்தாண்டு அல்ல, முப்பதாண்டு இருந்தாலும் உரித்துப் பிறக்காது. பராமரிக்க விடப்பட்டவருக்கும் அப்படியே: முகவராக உள்ளே வந்தவர் வெளிப்படையான செயலால் நிலையை மாற்றும்வரை முகவராகவே கருதப்படுவார் என்று நாகூட மரைக்கார் வழக்கில் பிரிவிக் கவுன்சில் 1903இலேயே சொல்லிவிட்டது. ஆகவே சொந்தக்காரரின் உரிமையைக் காப்பது வாடகைச் சிட்டை. குடியிருப்பவரின் ஆட்சியை நீதவான் முன் நிறுவுவதும் அதே சிட்டை. இருவரும் அதை எழுதாமல் விடுகிறார்கள். வரி, உறவு, கூச்சம் எதுவாயினும், வாய்ப்பேச்சில் முடியும் வாடகையால் நட்டப்படுவது இருவருமே.

எழுதாமல் விடுவதற்குச் சட்டமும் ஓரளவு காரணம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் முடிக்க வேண்டும் என்கிறது. நொத்தாரிசுச் செலவுக்கும் கடல்வழிப் பயணத்துக்கும் அஞ்சி மாதவாடகையாகவே எல்லாம் நடக்கிறது. மாதவாடகைக்கு நொத்தாரிசு தேவையில்லை. ஆனால் ஒரு தாளும் பேனையும் வேண்டாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இன்னொரு சிக்கல் தீவகத்துக்கே உரியது. யாழ்ப்பாணத்து உறுதிகளில் வீடு, வளவோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் எழுதப்படுகின்றன. நெடுந்தீவில் நன்னீர்க் கிணறு அரிது. வாடகை வளவிலுள்ள கிணற்றுக்கு அயலார் வருவதும், தென்னையையும் பனையையும் சொந்தக்காரர் தன் கையில் வைத்திருப்பதும் வழக்கம். இவை உண்மையான உரிமைகள். குடியிருப்பவர் படலையைப் பூட்டி மறிக்கக் கூடாது. ஆனால் தண்ணீருக்கும் தேங்காய்க்கும் வருபவரின் உரிமை முற்றத்தோடு நிற்கிறது. விறாந்தை ஏறுவதற்கும் அறைக்குள் போவதற்கும் அது அனுமதியாகாது. தனியாக இருக்கும் பெண்களின் முறைப்பாடுகளில் இந்த எல்லைதான் வேண்டுமென்றே குழப்பப்படுகிறது. இலங்கை 1980இல் இணங்கிய குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரை வீட்டின் அந்தரங்கத்தைக் காக்கிறது என்றாலும், நமது அரசியலமைப்பில் அந்தரங்கம் அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. அந்தக் குறையைச் சிறு சட்டங்கள்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

வேறு இடங்களில் இது நிரப்பப்பட்டிருக்கிறது. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி, அவசர நிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்து, காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் வீட்டுக்காரர் நுழையலாம். இங்கிலாந்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டமும் அதே 24 மணி நேரத்தைக் கொள்கின்றன. ரொறன்ரோவில் நிலக்கீழ்த் தளத்தை வாடகைக்குக் கொடுக்கும் தீவகத்தவர் இந்த ஒழுங்கை அங்கே கைக்கொள்கிறார். தன் சொந்த ஊரில் குடியிருக்கும் ஆசிரியைக்கும் தாதிக்கும் அதே மரியாதையைக் கொடுக்க அவரைத் தடுப்பது எதுவும் இல்லை. இலங்கையிலோ 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவாக மீட்கச் சொந்தக்காரருக்கு வழி செய்தது. அந்தச் சட்டம்கூட அவரை நீதிமன்றத்துக்குத்தான் அனுப்புகிறது. திறப்போடு கதவுக்கு அனுப்பவில்லை. சொந்தக்காரருக்கு விரைவு கொடுத்த சட்டவாக்கம், குடியிருப்பவருக்கு 24 மணி நேர முன்னறிவித்தலையாவது கொடுத்திருக்க வேண்டும். அது இன்னும் செய்யப்படாத வேலை.

சட்டம் வரும்வரை, திறப்புக் கொடுக்கும் நாளில் ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக் கையெழுத்திடுங்கள்: மாத வாடகை எவ்வளவு, இரண்டாவது திறப்பு யாரிடம், உள்ளே வர எவ்வளவு நேரம் முன் சொல்ல வேண்டும். வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கியில் இட்டுச் சிட்டையை வைத்திருங்கள். நுழைந்தால் அன்றே பொலிசில் முறைப்பாட்டைப் பதிவு செய்து இலக்கத்தை வாங்குங்கள். வெளியேற்றப்பட்டவர் நீதவானிடம் போக இருப்பது இரண்டு மாதம். அது கடந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்சியை மீட்கும் வழக்குக்கு வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு.