பின்புறத்தில் எழுதப்படாத பெயர்கள்

பழைய நிழற்படம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது நம் உள்ளத்தில் எழும் முதல் வினா, "இவர் யார்?" என்பதே. முகம் தெளிவாக இருக்கும். சட்டைப் பொத்தானைக்கூட எண்ணிவிடலாம். பெயர் மட்டும் இராது. படம் எடுத்த நாளில் இதே வினாவைக் கேட்டிருந்தால், அருகில் நின்ற சிறு பிள்ளைகூட விடை சொல்லியிருக்கும். எல்லாருக்கும் தெரிந்திருந்த காரணத்தாலேயே எவரும் எழுதி வைக்கவில்லை. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்மூடிய பின்னர் படம் எஞ்சுகிறது, பெயர் போய்விடுகிறது.

இவ்வுண்மையைத் தொலைவிலுள்ள ஒரு பொருளைக் கொண்டு சிந்திக்க விழைகிறோம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானிலும், ஜப்பானியர் குடியேறிய ஹவாய்த் தீவுகளிலும், வட அமெரிக்காவின் பசிபிக் கரையிலும் வெளிவந்த பேஸ்பால் அணிகளின் அஞ்சலட்டைகளே அப்பொருள். மட்டையும் பந்தும் கொண்டு அணிக்கு ஒன்பது பேர் ஆடும் இவ்விளையாட்டு அமெரிக்காவில் வளர்ந்தது. 1872-இல் தோக்கியோவில் ஆசிரியராக இருந்த ஹோரஸ் வில்சன் என்னும் அமெரிக்கர் அதனைத் தம் மாணவர்க்குக் கற்பித்தார். ஒரு தலைமுறைக்குள் அது ஜப்பானிய மாணவர்களின் உயிர் விளையாட்டாயிற்று. 1905-இல் வசேதா பல்கலைக்கழக அணி கடல் கடந்து அமெரிக்கா சென்று 26 ஆட்டங்கள் ஆடி, ஏழில் வென்று திரும்பியது. அவ்வணியை அழைத்துச் சென்ற பேராசிரியர் ஆபே இசோ ஒரு கிறிஸ்தவர். 1910-இல் சிகாகோ பல்கலைக்கழக அணி ஜப்பானுக்கு வந்து தோல்வியின்றித் திரும்பியது.

அதே ஆண்டுகளில்தான் உலகெங்கும் பட அஞ்சலட்டை மோகம் பரவியது. பெரிய அணிகளின் படங்கள் அச்சேறி விற்பனையாயின. சிற்றூர் அணிகளோ உள்ளூர் நிழற்படக்காரரிடம் நின்று படம் எடுத்து, அஞ்சலட்டைத் தாளிலேயே சில படிகள் போட்டு உறவினர்க்கு அனுப்பின. அவ்வட்டைகள் இன்று பழம்பொருள் சேர்ப்போரின் கைகளில் நாடுவிட்டு நாடு செல்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயருமில்லை, ஆண்டுமில்லை.

அட்டையின் முதுகு சொல்வது

அத்தகைய அட்டை ஒன்று நம் கையில் இருப்பதாகக் கொள்வோம். படத்தை உற்றுநோக்குமுன் அதைத் திருப்பிப் பார்ப்பதே முறை. முகப்பில் மனிதர்கள் நிற்கிறார்கள். முதுகில் காலம் நிற்கிறது.

ஜப்பானில் தனியார் அச்சிடும் அஞ்சலட்டைக்கு 1900-இல்தான் இசைவு கிடைத்தது. அப்போது முகவரிப் பக்கத்தில் முகவரியைத் தவிர வேறொன்றும் எழுதலாகாது. 1907-இல் அப்பக்கத்தின் மூன்றிலொரு பகுதியில் செய்தி எழுத விதி இடம் தந்தது. 1918-இல் அது பாதியாக விரிந்தது. ஆகவே, நடுவே கோடு இல்லாத அட்டை 1907-க்கு முற்பட்டது எனலாம். கோடு மூன்றிலொரு பங்கில் நின்றால் 1907-க்கும் 1918-க்கும் இடைப்பட்டது. சரிபாதியில் நின்றால் அதற்குப் பிற்பட்டது.

அட்டையின் தலைப்பில் 'அஞ்சலட்டை' என்று பொருள்படும் ஜப்பானியச் சொல் அச்சிடப்பட்டிருக்கும். போர்க்காலம் வரை அது வலமிருந்து இடமாகவே வந்தது. அச்சொல்லில் ஒரு ககரம் உண்டு. நம் தமிழில் 'க' என்னும் ஒரே எழுத்து 'பக்கம்' என்பதில் ஓர் ஒலியும் 'தங்கம்' என்பதில் வேறோர் ஒலியும் பெறுகிறது அன்றோ? ஜப்பானிய எழுத்தில் இரண்டாவது ஒலியைக் காட்ட, எழுத்தின் தோளருகே இரண்டு சிறு கீற்றுகள் இடுவர். 1933 வரை அந்தக் கீற்றுகள் இன்றியே தலைப்பை அச்சிட்டனர். அவ்வாண்டு முதல் கீற்றுகளோடு அச்சிட்டனர்.

இதனால் என்ன பயன்? அஞ்சல் முத்திரையில் ஆண்டிருக்கும் இடத்தில் '10' என்னும் எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழக்கமில்லாதவர் உடனே 1910 என்று எழுதிவிடுவார். ஆனால் ஜப்பானிய முத்திரை பேரரசரின் ஆட்சியாண்டைக் கூறுவது. தைஷோ 10 என்றால் 1921. ஷோவா 10 என்றால் 1935. இவ்விரண்டில் எது? ககரத்தின் மேல் கீற்றுகள் இருந்தால் 1935, இல்லையேல் 1921. எறும்புக்கால் அளவேயான இரு கீற்றுகள் பதினான்கு ஆண்டுகளைப் பிரித்துக் காட்டுகின்றன. எழுத்தின் சிறு கோட்டையும் ஆண்டவர் தம் மலைப்பொழிவில் அற்பமாக எண்ணவில்லை என்பது இங்கே நம் நினைவுக்கு வருகிறது.

முதுகில் ஆங்கில எழுத்துகள் இருந்தால் வேறு சான்றுகளை நாடவேண்டும். அமெரிக்காவில் முகவரிப் பக்கத்தைப் பிரிக்கும் இசைவு 1907 மார்ச் முதல் நாள் வந்தது. தபால்தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றித் தாள் வகையின் பெயர் சிற்றெழுத்தில் காணப்படும். 'ஆசோ' என்னும் தாளில் அக்கட்டத்தின் நான்கு மூலைகளிலும் முக்கோணங்கள் மேல்நோக்கி இருந்தால் 1918-க்கு முற்பட்ட தாள் என்றும், முக்கோணங்களுக்கு மாறாகச் சதுரங்கள் இருந்தால் 1920-களின் நடுப்பகுதியும் அதற்குப் பிந்தியதும் என்றும் சேர்ப்போர் கணிக்கின்றனர். உருப்பெருக்கிக் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சுப்படம். புள்ளியே இன்றி நிழல் தொடர்ந்து இழைந்தால் அது பெரும்பாலும் உண்மையான நிழற்படத் தாள். உண்மைப் படமெனில் ஒரு சில படிகளே இருந்திருக்கும். அதிலுள்ளவர்களின் பெயரை மீட்கும் கடமையும் அந்த அளவிற்குக் கூடுகிறது.

அதன்பின் முகப்பைப் பார்க்கலாம். சட்டைக் கழுத்து நிமிர்ந்து நிற்கும் பட்டையாக இருப்பின் 1910-களை ஒட்டிய காலமாகலாம். கையுறை சிறியதாய், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தோல் பின்னல் இன்றி இருப்பின் 1920-க்கு முற்பட்டதாகலாம். அவ்வாண்டில்தான் பின்னலிட்ட கையுறை சந்தைக்கு வந்தது. பழைய கையுறையைப் பின்னும் பல ஆண்டுகள் வைத்திருந்த ஏழை ஆட்டக்காரர்களும் உண்டாதலால், இச்சான்றைத் தனியே நம்பலாகாது. மார்பில் ஆங்கில எழுத்து இருப்பதால் அமெரிக்க அணி என்று முடிவு கட்டுவதும் பிழை. வசேதா அணி தன் பெயரை ஆங்கில எழுத்திலேயே நெஞ்சில் தாங்கியது.

ஒரு பெயர், நான்கு நகரங்கள்

இப்போது கடினமான ஒரு வினாவிற்கு வருகிறோம். அட்டையின் முதுகில் ஆங்கிலம். முகப்பில் ஜப்பானிய இளைஞர்கள். அவர்கள் மார்பில் 'ஆசாகி' என்னும் பெயர். காலைச் சூரியன் என்பது அதன் பொருள். இவர்கள் எந்த ஊரார்?

ஹவாயின் ஹொனலூலுவில் 1905 முதல் ஓர் ஆசாகி அணி இருந்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் ஒன்று இருந்தது. கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் இன்னொன்று இருந்தது. கனடாவின் வான்கூவரில் 1914-இல் ஒன்று எழுந்தது. பிறந்த மண்ணை விட்டுவந்த மக்கள் நான்கு துறைகளிலும் ஒரே விடியலைத் தம் பிள்ளைகளின் சட்டையில் எழுதியிருக்கிறார்கள். பெயரைக் கண்டதும் ஊரைச் சொல்லிவிட இயலாது. படத்தின் ஓரத்தில் நிழற்படக்காரர் அழுத்திப் பதித்த முத்திரை, பின்னணியிலுள்ள வேலியும் கட்டடமும், பழைய செய்தித்தாள்களில் வந்த படங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டே முடிவுக்கு வரவேண்டும். அவசரப்பட்டு ஒருவர் ஊகித்து எழுதிய பெயரை அடுத்தவர் சான்றாகக் கொள்கிறார். பத்தாண்டில் அப்பிழை வரலாறாகிவிடுகிறது. பெயரின்மை ஓர் இழப்பு. தவறான பெயரோ இரண்டு மனிதர்க்குச் செய்யும் அநீதி. பெயர் சூட்டப்பட்டவனும் தொலைகிறான், பெயர் பறிக்கப்பட்டவனும் தொலைகிறான்.

வான்கூவர் ஆசாகியின் கதை நாம் நின்று கேட்கவேண்டிய ஒன்று. பவல் தெருவை ஒட்டிய திடலே அவர்களது களம். உருவில் சிறியவர்களான அவர்கள், பந்தை ஓங்கி அடிப்பதைவிட, மட்டையால் மெல்லத் தடுத்து அருகே விழச்செய்து, தளம்விட்டுத் தளம் பாய்ந்து ஓட்டங்களைச் சேர்த்தனர். மூளையால் ஆடும் ஆட்டம் என்று அதனை மக்கள் போற்றினர். 1926-இல் வான்கூவரின் டெர்மினல் லீக் பட்டத்தை வென்றனர். 1937 முதல் 1941 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து வடமேற்கு பசிபிக் பட்டமும் அவர்களுடையதே. அக்காலத்தில் அம்மாநிலத்தில் ஜப்பானிய மரபினர்க்கு வாக்குரிமை இல்லை. சட்டம், மருந்தாளுமை முதலிய தொழில்களின் வாயிலும் அடைபட்டிருந்தது. அத்திடல் ஒன்றில்தான் அவர்களும் வெள்ளையரும் ஒரே விதிக்கு உட்பட்டு நின்றனர்.

1941-இல் ஜப்பானிய மரபினரான கனடியர் பதினாறு வயது முதல் எல்லாரும் பதிவு செய்யப்பட்டனர். எண்ணும் படமும் விரல்ரேகையும் கொண்ட அட்டையை அவர்கள் உடன் வைத்திருக்கவேண்டும் என்றாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942-இல் கரையிலிருந்து நூறு மைலுக்கு உட்பட்ட பகுதியில் வாழ்ந்த ஏறத்தாழ 21,000 பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் கனடாவில் பிறந்த குடிமக்கள். குடும்பங்கள் பலவற்றைக் கால்நடைக் காட்சிக் கொட்டகைகளில் முதலில் அடைத்தனர். வளர்ந்தவர் ஒருவர் எடுத்துச் செல்லத்தக்க சுமை 150 இராத்தல் எனக் கணக்கிடப்பட்டது. நிழற்படக் கருவிகள் பறிமுதலாயின. விட்டுச்சென்ற வீடுகளையும் கடைகளையும் மீன்பிடிப் படகுகளையும் அரசு அவர்களின் இசைவின்றியே விற்றது.

நாம் இங்கே அமைதியாக எண்ணவேண்டும். 150 இராத்தலில் போர்வை வேண்டும், சட்டி வேண்டும், குழந்தைக்குக் குளிராடை வேண்டும். பேஸ்பால் அணியின் படத்துக்கு அங்கே எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்? கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படங்கள் எவர் எவர் கைக்கோ போயின. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் மலைகளுக்கு அப்பாலும், போருக்குப் பின் கீழ்க் கனடா வரையிலும் சிதறினர். கரைக்குத் திரும்ப 1949 ஏப்ரல் வரை இசைவில்லை. ஆசாகி அணி மீண்டும் அத்திடலில் ஒன்றுகூடவேயில்லை.

அவ்விருளிலும் சில விளக்குகள் எரிந்தன. வான்கூவரில் ஜப்பானியரிடையே பணியாற்றிவந்த பிரான்சிஸ்கன் அட்டோன்மென்ட் சபை அருட்சகோதரிகள், தம் மக்களைத் தனியே அனுப்ப மனமின்றி, கிரீன்வுட் என்னும் பாழடைந்த சுரங்க ஊருக்கு அவர்களோடு சென்று அங்கே பள்ளி நடத்தினர். லில்லூவெட் முகாமில் இருந்த ஆசாகி ஆட்டக்காரர் கே கமினிஷி, அவ்வூர்க் காவல் அதிகாரியிடம் ஊராரோடு ஓர் ஆட்டம் ஆடலாமா என்று கேட்டார். ஆட்டம் நடந்தது, முகாமுக்கும் ஊருக்கும் இடையிலிருந்த பகைமை மெல்லத் தளர்ந்தது.

பெயர் மீண்ட கதை

சிறுமியாக அத்திடலில் ஆசாகி ஆட்டங்களைக் கண்டு மகிழ்ந்த பேட் அடாச்சி என்னும் பெண்மணி, முதுமையில் பழைய ஆட்டக்காரர்களின் படங்களையும் நினைவுகளையும் திரட்டி 1992-இல் ஆசாகி அணியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முகங்களுக்குப் பெயர் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடிருந்த காலம் அது. சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் பல பெயர்கள் என்றென்றைக்கும் போயிருக்கும். அதற்கு நான்காண்டுகளுக்கு முன், 1988 செப்டம்பர் 22-ஆம் நாள், கனடிய அரசு தன் மக்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தது. 2003-இல் கனடாவின் பேஸ்பால் புகழ்மன்றம் ஆசாகி அணியை ஏற்றுக்கொண்டது. 2019-இல் அவ்வணியின் படத்தோடு கனடிய அஞ்சல்துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. அணியின் கடைசி ஆட்டக்காரராக வாழ்ந்திருந்த கமினிஷி 2024-இல் தம் 102-ஆம் வயதில் காலமானார். இனி ஒரு படத்தைக் காட்டி, "இவர் யார்?" என்று கேட்க அவ்வணியில் எவருமில்லை.

ஆகவே பழைய அட்டையின் கோட்டையும் கீற்றையும் முக்கோணத்தையும் ஆராய்வது வெறும் பொழுதுபோக்கு என்று நமக்குத் தோன்றவில்லை. விலை காண்பதற்காகச் செய்பவர் இருக்கலாம். ஆனால் எண்ணாக எழுதப்பட்ட மனிதனுக்கு அவன் பெயரைத் திருப்பித் தருகிற தொண்டும் அதனுள் அடங்கியிருக்கிறது. உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி நின்ற மகதலா மரியா, தம் பெயர் சொல்லி அழைக்கக் கேட்ட பின்னரே அவரை அறிந்துகொண்டார். கண்ணெதிரே நின்ற முகம் செய்யாததைப் பெயர் செய்தது. திருமுழுக்குப் பதிவேட்டில் குழந்தையின் பெயரோடு பெற்றோர் பெயரையும் ஞானப்பெற்றோர் பெயரையும் திருச்சபை எழுதி வைப்பதும், கல்லறைத் திருநாளில் மறைந்தோர் பெயர்களை நாம் ஒவ்வொன்றாகப் படித்து மன்றாடுவதும் இதே உணர்வினால்தான்.

நம் இல்லங்களிலும் அத்தகைய படங்கள் இருக்கின்றன. புதுநன்மை நாளில் வெள்ளையுடுத்தி வரிசையாய் நிற்கும் பிள்ளைகள், கோயில் பாடகர் குழு, பங்குத் தந்தையைச் சூழ்ந்து அமர்ந்த இளைஞர் மன்றம். யார் யார் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் நாமும் எழுதவில்லை. வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கும்போதே அப்படத்தை அவர் கையில் கொடுத்து, இடமிருந்து வலமாகப் பெயர்களைச் சொல்லக் கேட்போம். பேனா தாளைக் கெடுக்கும். மென்மையான பென்சில் போதும். பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் பெயர்களையும் எழுதுவோம். ஐயமுள்ள பெயருக்கு அருகே ஒரு வினாக்குறி இடுவோம். அதுவும் உண்மைக்குச் செய்யும் மரியாதையே.